எரிந்த கட்சி, எரியாத கட்சி: தமிழில் மன்மதன் என்னும் பாத்திரம்

தஞ்சாவூர்ப் பக்கம் காமன் பண்டிகையில் லாவணி பாடுகிறவர்கள் இரண்டு அணியாக உட்காருவார்கள். கையில் டேப்பு என்ற தோல்கருவி, எதிரே காமன் கம்பம். சிவனின் நெற்றிக்கண் பட்டு மன்மதன் சாம்பலாகிவிட்டான் என்று ஓர் அணி பாடும். எரியவே இல்லை என்று எதிரணி பாடும். முன்னது எரிந்த கட்சி, பின்னது எரியாத கட்சி. கேள்வியைப் பாட்டாகவே போட வேண்டும். பதிலும் பாட்டாகவே வர வேண்டும். பதில் சொல்லத் தெரியாமல் டேப்பைக் கீழே வைத்தவன் தோற்றவன்.

லாவணி மராட்டியர் கொண்டுவந்த கலை. 1676 முதல் 1855 வரை தஞ்சை அவர்கள் ஆட்சியில் இருந்தது. மராட்டிய மண்ணில் இந்தப் போட்டி கல்கி, துரா என்ற இரு மரபுகளுக்கு இடையே நடப்பது. சக்தியே பெரிது என்பது கல்கி; சிவனே பெரிது என்பது துரா. தமிழுக்கு வந்தபோது வடிவம் தங்கியது, வழக்கு மாறியது. சிவனா சக்தியா என்ற கேள்வி போய், மன்மதனுடைய உடம்பு என்ன ஆனது என்பதே வழக்காயிற்று. இன்றைக்குப் பேச்சுவழக்கில் ‘எரிந்த கட்சி எரியாத கட்சி’ என்றால் முடிவில்லாத வீண் வாதம் என்று பொருள். ஆனால் தமிழ் இலக்கியத்திலும் கூத்திலும் காதல் தெய்வம் எப்படி ஒரு பாத்திரமாக உருவாகி நிலைத்தது என்று கேட்கத் தொடங்கினால், அந்த வாதத்தைவிடக் கூர்மையான நுழைவாயில் வேறு இல்லை.

இதுவரை சொல்லப்பட்டவை

காமதகனக் கதைக்கு மூன்று வகையான விளக்கங்கள் வழக்கில் உள்ளன. முதலாவது சமய விளக்கம்: தவம் ஆசையை வென்றது, ஞானக்கண் திறந்தால் காமம் எரியும். அட்ட வீரட்டத் தலங்களில் ஒன்றான, மயிலாடுதுறைப் பக்கத்துத் திருக்குறுக்கையின் தலபுராணம் இந்தப் பார்வையில்தான் நிற்கிறது. இரண்டாவது சடங்கு சார்ந்தது. பனி போய் வேனில் வரும் பருவத்தில் ஒரு தெய்வத்தை எரித்து மீண்டும் எழுப்புவது வளமைச் சடங்கு என்பது, ஃபிரேசரின் வழிவந்த மானிடவியலாளர்களுக்குப் பழக்கமான வாதம். வடநாட்டு ஹோலியோடு காமன் பண்டிகையை ஒப்பிடுபவர்கள் இதைச் சொல்வார்கள். மூன்றாவது இந்தியவியல் அறிஞர் வெண்டி டோனிகருடையது. சிவனின் துறவையும் காமத்தையும் பற்றி 1973இல் வெளிவந்த தம் நூலில், சிவனையும் காமனையும் எதிரிகளாக மட்டும் பார்ப்பது தவறு என்று அவர் வாதிட்டார். காமனை எரித்தவனே பின்னர் பெருங்காமுகனாக வருகிறான். தவத்தின் வெப்பமும் காமத்தின் வெப்பமும் ஒரே ஆற்றலின் இரு முகங்கள் என்பது அவர் நிலை.

மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றுமே சிவனையோ பருவத்தையோ நடுவில் வைக்கின்றன. எரிந்தவன் யார், அவன் போனது யாருக்கு இழப்பு என்ற கேள்விகள் ஓரத்துக்குப் போய்விடுகின்றன. அவற்றை நடுவில் வைத்துப் பார்த்தால் கதை வேறு விதமாகத் தெரிகிறது. மன்மதன் தன் செயல்களால் ஆளாக வளரவில்லை. அவனை நோக்கிப் பேசிய பெண்கள்தாம் அவனுக்கு ஆளுருவம் கொடுத்தார்கள். அவர்களில் முதலிடம் அவன் மனைவி ரதிக்கு.

தெய்வம் வேண்டாத காதல்

காதலை இவ்வளவு நுணுக்கமாகப் பாடிய சங்க அகப்பாடல்களில் காதல் தெய்வத்துக்கு இடம் மிகக் குறைவு. தொல்காப்பியம் நிலத்துக்கொரு தெய்வம் சொல்கிறது: மாயோன், சேயோன், வேந்தன், வருணன். காதலுக்கென்று ஒரு தெய்வத்தை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. தலைவனும் தலைவியும் எதிர்ப்படுவதற்குப் ‘பால்’, அதாவது ஊழ், காரணம் என்கிறது. எவனும் மரத்தின் பின்னால் ஒளிந்து நின்று அம்பு விடவில்லை.

இன்னும் நுட்பமான சான்று வெறியாட்டு. தலைவி மெலிகிறாள், உணவு கொள்ளவில்லை. தாய்க்குக் காரணம் தெரியவில்லை. முருகன் அணங்கினான் என்று எண்ணி வேலனை அழைத்துக் களம் இழைத்து, மறி அறுக்கிறார்கள். நோய்க்குக் காரணம் மலைநாட்டுத் தலைவனின் மார்பு என்பது தோழிக்குத் தெரியும். நற்றிணைப் பாடல் ஒன்றில், தான் காரணமில்லை என்று அறிந்தும் வெறிக்களத்துக்கு வந்து நிற்கும் முருகனைப் பார்த்து, கடவுளே ஆனாலும் நீ அறிவில்லாதவன் என்கிறாள் அவள். இந்த உலகத்தில் காதலுக்குத் தெய்வத்தைக் காரணம் காட்டுவதே பிழையான நோய்க்கணிப்பு. அதைச் சுட்டிக்காட்டுபவள் ஒரு பெண்.

கலித்தொகைக்கு வரும்போது நிலைமை மாறுகிறது. பாலைக்கலியில் இளவேனில் வருகிறது, காமவேள் விழா வருகிறது, பிரிந்து போனவன் மட்டும் வரவில்லை. அங்கும் காமன் விழாவின் பெயராக இருக்கிறானே ஒழிய, கதையில் நடமாடுகிறவனாக இல்லை.

ஏவலுக்குப் போனவன்

வடமொழியில் அவன் வளர்ந்த வழி வேறு. ரிக் வேதத்தின் படைப்புப் பாடலில் காமம் மனத்தின் முதல் வித்து, ஆள் இல்லை. அதர்வ வேதத்தின் வசிய மந்திரத்தில் காமனுக்கு அம்பு கிடைத்துவிடுகிறது. காவியங்களுக்கு வரும்போது அவனிடம் கரும்பு வில், வண்டு நாண், தாமரை, மா, அசோகு, முல்லை, நீலம் என ஐந்து கணை, மகரக் கொடி, பொதியில் தென்றல் என்று எல்லாம் சேர்ந்திருக்கின்றன. இத்தனை உடைமைகள் சேர்ந்தும் அவனுக்கென்று ஒரு விருப்பம் இல்லை. தாரகன் என்ற அசுரனை அழிக்கச் சிவனுக்கு ஒரு மகன் வேண்டும். அதற்குச் சிவனின் தவம் கலைய வேண்டும். அதற்கு ஒரு வில்லாளி வேண்டும். அவன் தேவர்களின் தேவைக்குப் போனவன்.

காளிதாசனின் குமாரசம்பவம் இந்த வெறுமையை உணர்ந்து எழுதப்பட்டது. மூன்றாம் சருக்கத்தில் இந்திரன் அவையில் காமன் பெருமை பேசுகிறான்: வசந்தன் துணையிருந்தால் சிவனின் உறுதியையே அசைப்பேன். தவக்காட்டில் சிவனை நேரில் கண்டதும் அச்சத்தில் கையிலிருந்து வில் நழுவுகிறது. நழுவியது அவனுக்கே தெரியவில்லை. அந்த ஒரு கணத்தில் காளிதாசன் தெய்வத்தை மனிதனாக்கிவிடுகிறான். பிறகு உமை வருகிறாள், துணிவு திரும்புகிறது, வில் வளைகிறது. பொறுத்தருள்க என்று தேவர்கள் வானில் கூவும் ஒலி அடங்குவதற்குள் அவன் சாம்பல்.

நான்காம் சருக்கம் முழுதும் ரதியின் புலம்பல். மயக்கம் தெளிந்து கண் திறக்கும் அவள் முன்னால், தரையில் ஆண் உருவத்தில் சாம்பல் கிடக்கிறது. அவள் அழுதுகொண்டே சொல்பவற்றில் ஒன்றை மறக்கவே முடியாது. தேவர்கள் அழைத்தபோது அவன் அவளுக்குக் காலில் செம்பஞ்சுக் குழம்பு தீட்டிக்கொண்டிருந்தான். வலக்கால் முடிந்திருந்தது. இடக்கால் மீதி, வந்து அதை முடித்துவிட்டுப் போ என்கிறாள். ஐந்து கணையும் மகரக் கொடியும் சொல்லாத ஒன்றை அந்தத் தீட்டாத கால் சொல்லிவிடுகிறது: இவன் ஒருத்தியின் கணவன், வீட்டில் பாதி வேலையை விட்டுவிட்டு வந்தவன். மன்மதன் ஒரு பாத்திரமாகப் பிறப்பது இங்கேதான், அவன் இறந்த பிறகு, மனைவியின் வாயில்.

கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணம் இதே கதையைத் தமிழில் சொல்லும்போது, அவன் போகும் முறையை மாற்றுகிறது. பெருமை பேசுபவனாக இல்லை, மறுப்பவனாக வருகிறான். சிவன்மேல் கணை தொடுப்பது தகாது, அது தன்னால் ஆகாது என்று பிரமனிடம் வாதாடுகிறான். போகாவிட்டால் சாபம் என்ற மிரட்டல் வந்த பிறகு, சாபத்தைவிடச் சிவன் கையால் அழிவது மேல் என்று எண்ணிக் கிளம்புகிறான். சைவப் புராணம் சிவனின் பெருமைக்காக இப்படி அமைத்தது என்று சொல்லிவிடலாம், அது சரியும்கூட. ஆனால் அதன் விளைவு வேறொன்று. சாவு உறுதி என்று தெரிந்தே மேலிடத்து ஆணைக்குப் போகிறவனாக மன்மதன் மாறிவிட்டான். கூத்துக்காரர்கள் கையில் கிடைத்தவன் இந்த மன்மதன்தான்.

அவனிடம் பேசிய பெண்கள்

சிலப்பதிகாரத்தின் கனாத்திறம் உரைத்த காதையில் தேவந்தி தன் தோழி கண்ணகியிடம் ஒரு வழி சொல்கிறாள். காவிரி கடலோடு கலக்கும் இடத்தருகே சோமகுண்டம், சூரியகுண்டம் என்று இரண்டு துறைகள். அங்கே நீராடிக் காமவேள் கோட்டத்தில் தொழுதால் பிரிந்த கணவனோடு சேரலாம். தேவந்தியும் கணவன் நீங்கிப் போனவள்தான். அன்போடு சொல்கிறாள். அது தகுதியன்று என்று கண்ணகி மறுத்துவிடுகிறாள். அவள் சொல்லி முடித்ததும் கோவலன் வாசலில் நிற்கும் செய்தி வருகிறது. அவன் வந்தது மதுரையில் சாவதற்கு. காமவேளைத் தொழுதிருந்தால் வேறு மாதிரி வந்திருப்பானா என்று இளங்கோ சொல்லவில்லை. ஆனால் கண்ணகியின் தன்மதிப்பு முதல்முறை வெளிப்படும் இடங்களில் இது ஒன்று. வஞ்சினமும் சிலம்பு உடைத்தலும் இதற்குப் பின்னால் வருபவை. காதல் தெய்வம் இங்கே ஒரு பெண் தன் அளவை வெளிப்படுத்தக் கிடைத்த எதிர்முனை.

கண்ணகி மறுத்த கோட்டத்துக்கு ஆண்டாள் போகிறாள். நாச்சியார் திருமொழியின் முதல் பத்துப் பாடல்கள் காமனை நோக்கிய வேண்டுதல். தை மாதம் தரை விளக்கி மண்டலமிடுகிறாள், விடியுமுன் நீராடி, முள்ளில்லாத சுள்ளி தேடி எரிக்கிறாள். சுவரில் அவன் பெயரை எழுதி, சுறாக் கொடி, குதிரை, கவரி வீசும் பெண்கள், கரும்பு வில் எல்லாம் வரைந்து காட்டுகிறாள். பக்தி முழுதும் அந்தக் கைவேலையில் இருக்கிறது. தொனியோ பாடலுக்குப் பாடல் ஏறுகிறது. கெஞ்சல், பேரம், கடைசியில் எச்சரிக்கை. கடல்வண்ணனுக்குப் பணிசெய்ய முடியாமல் நான் அழுது திரிந்தால் பழி உன்னைச் சேரும். உழுது முடித்த எருதை நுகத்தடியால் அடித்துத் தீனி போடாமல் விரட்டுவது போன்றது அது என்கிறாள். வழிபடுகிறவள் தன்னை ஏர் எருதாகச் சொல்லும் இந்த உவமைக்கு முன்னால், கரும்பு வில்லும் மலர்க்கணையும் எவ்வளவு மெலிந்து போகின்றன!

திருமாலைத் தவிர வேறு தெய்வம் அறியாதவள் காமனைத் தொழலாமா என்பது வைணவ உரையாசிரியர்கள் தனியே விளக்கம் சொல்ல வேண்டியிருந்த கேள்வி. பிரிவுத்துயரின் மிகுதி என்று அவர்கள் அமைதி கூறினார்கள். பாடலைப் படிப்பவருக்கோ அவள் தொழுகிறாள் என்பதைவிட அவனை வேலை வாங்குகிறாள் என்பதே படும். இந்திரன் ஏவியதற்குப் போனவனை, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண் தனக்காக ஏவுகிறாள்.

சீவக சிந்தாமணியில் தெய்வத்தின் இடம் காலியாகவே இருக்கிறது. சுண்ணப் போட்டியில் குணமாலையிடம் தோற்ற சுரமஞ்சரி, ஆடவர் முகத்தில் விழிப்பதில்லை என்று நோன்பு பூண்டவள். கிழ வேடத்தில் அவள் மனைக்குள் நுழையும் சீவகன், அவளைக் காமன் கோட்டத்துக்கு அழைத்துப் போகிறான். அங்கே உருவத்துக்குப் பின்னால் தோழன் புத்திசேனன் முன்கூட்டியே மறைந்திருக்கிறான். அவள் வேண்டியதும், உன் கணவனை நீ பெற்றாய் என்று தெய்வத்தின் குரலாகச் சொல்கிறான். அவளும் நம்புகிறாள். சமணத் துறவியான திருத்தக்கதேவர் காமன் சிலைக்குள் தெய்வம் எதையும் வைக்கவில்லை. மனிதக் குரலை வைத்தார். ஆயினும் சுரமஞ்சரியின் வேண்டுதல் உண்மை. கேட்கும் பக்கம் முழு உயிரோடு இருக்க, பதில் சொல்லும் பக்கம் கல்லும் தந்திரமுமாக இருப்பது, தமிழில் மன்மதனின் நிலைக்கே பொருத்தமான படம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் குற்றாலக் குறவஞ்சியில் நாயகி வசந்தவல்லி நிலவையும் மன்மதனையும் முறை வைத்துப் பழிக்கிறாள். இதற்குள் அது ஒரு இலக்கண மரபாகவே உறைந்துவிட்டது. திட்டு வாங்குவது அவன் வேலை. பதில் பேசும் உரிமை அவனுக்கு இல்லை.

கைமாறிய வில்

எரிந்த பின் அவனுடைய உடைமைகள் என்ன ஆயின என்ற கேள்விக்கும் மரபில் விடை உண்டு. காஞ்சி காமாட்சி கையில் கரும்பு வில்லும் மலர்க்கணையும் இருக்கின்றன. அரன் கண்ணால் எரிந்த காமனுக்கு உயிர் தந்த மருந்து என்று லலிதா சகஸ்ரநாமம் அவளைப் போற்றுகிறது. பாகவதத்தில் அவன் கண்ணனின் மகன் பிரத்யும்னனாகப் பிறக்கிறான். சம்பரன் குழந்தையைக் கடலில் எறிய, மீன் விழுங்க, அந்த மீன் வந்து சேர்வது சம்பரனின் மடைப்பள்ளியில் மாயாவதி என்ற பெயரில் காத்திருக்கும் ரதியிடம். ஒவ்வொரு கதையிலும் அவனை மீட்பது ஒரு பெண்ணின் கை. பௌத்தம் மட்டும் மீட்கவில்லை. அசுவகோசரின் புத்தசரிதம், உலகம் மலர்க்கணையான் என்று அழைப்பவனே மாரன், விடுதலையின் பகைவன் என்றது. மாரன் என்ற அந்தப் பெயர் தமிழில் பகைமையைத் தொலைத்துவிட்டு, காதல் தெய்வத்தின் செல்லப்பெயராகத் தங்கியது.

கம்பத்தின் முன்

காமன் பண்டிகை மாசி வளர்பிறையில் கம்பம் ஊன்றுவதோடு தொடங்கும். ஆமணக்கு, கரும்பு, வைக்கோல் பிரி, வறட்டி என்று ஊருக்கு ஊர் கம்பத்தின் பொருள்கள் மாறும். பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் இலங்கை மலையகத்தின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்கள் இதைத் தங்களோடு கொண்டுபோனார்கள். அங்கே காமன் கூத்து, லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளின் பெரிய பொது நிகழ்வாக வளர்ந்தது. தப்பு முழங்க ரதிக்கும் மன்மதனுக்கும் திருமணம் நடக்கும். தேவலோகத்திலிருந்து தூதன் ஓலையோடு வருவான். ரதி போக வேண்டாம் என்பாள். கெட்ட கனவு கண்டதாகச் சொல்வாள். மன்மதன் போயே ஆக வேண்டும் என்பான். இருவரும் வழக்காடுவார்கள். வீரபத்திரன் வருவான், எமன் வருவான். கடைசியில் கம்பம் எரியும், ரதி ஒப்பாரி வைப்பாள்.

சடங்கியல் விளக்கத்தின் குறை இந்த இடத்தில் பளிச்சென்று தெரிகிறது. வளமைச் சடங்குக்கு எரிப்பும் எழுப்புதலும் போதும். கூத்தோ நேரத்தையெல்லாம் ஓலை வந்த பிறகு நடக்கும் பிரிவு வழக்கில் செலவிடுகிறது. கங்காணி வந்து ஆள் சேர்த்த ஊர்களிலிருந்து கடல் தாண்டிய மக்கள் இவர்கள். 1948இன் குடியுரிமைச் சட்டம் இவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை தரவும் எண்ணிக்கை போட்டுப் பிரித்தது. குடும்பங்கள் நடுவில் கிழிந்தன. யாரோ எங்கோ எழுதிய ஓலைக்காகக் கணவன் கிளம்ப, போகாதே என்று மனைவி வழிமறிக்கும் காட்சியை இந்த மக்கள் புராணமாக மட்டும் பார்த்திருக்க முடியுமா? இது கட்டுரையாளரின் வாசிப்பு. ஆனால் கூத்து தன் எடையை எங்கே வைத்திருக்கிறது என்பது இந்த வாசிப்புக்குத் துணை நிற்கிறது.

இனி லாவணி வழக்கு. எரிந்த கட்சிக்குச் சாம்பல் சான்று, நெற்றிக்கண் சான்று, உடலற்றவன் என்று பொருள்படும் அநங்கன் என்ற பெயரே சான்று. எரியாத கட்சிக்கு உலகமே சான்று: அவன் எரிந்திருந்தால் ஆசை எப்படி நடக்கிறது, உயிர்கள் எப்படிப் பெருகுகின்றன? கந்தபுராணம் இதற்கு ஒரு தீர்ப்பு வைத்திருக்கிறது. ரதி வேண்ட, சிவன் அவனை எழுப்புகிறார். ரதிக்கு உருவத்தோடும் மற்றவர்க்கு அருவமாகவும் இருக்கும்படி. இதைச் சமரசம் என்று தள்ளிவிடக் கூடாது. எரிந்தானா இல்லையா என்பது பார்க்கிறவர் யார் என்பதைப் பொறுத்தது என்று அந்த வரம் சொல்கிறது. அழுதவளின் கண்ணுக்கு மட்டும் அவன் முழு உடம்போடு இருக்கிறான்.

கல்லில் வடிப்பவனுக்கும் வேடம் கட்டுபவனுக்கும் இந்த வரம் பெரும் சிக்கல். அருவத்தைச் செதுக்க முடியாது. கிருஷ்ணாபுரத்திலும் தாடிக்கொம்பிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நாயக்கர் காலச் சிற்பிகள் கரும்பு வில்லோடு மன்மதனையும் அன்னத்தின் மேல் ரதியையும் தூண்களில் ஆளுயரத்துக்கு நிறுத்தினார்கள். தாடிக்கொம்பில் திருமணம் கைகூட வேண்டி இன்றும் அந்தத் தூண்களுக்கு மாலை சாத்துகிறார்கள். கூத்திலும் அப்படியே. மன்மதனை மீண்டும் எழுப்பிக் காட்டும் இடங்களில், சாம்பலான இடத்துக்கு அதே வேடக்காரர், அதே கிரீடத்தோடு திரும்பி வருகிறார். ரதி மட்டும் காண வேண்டியவனைத் திடலில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளும் கிழவிகளும் காண்கிறார்கள். ரதி நின்ற இடத்தில் அந்தக் கூட்டம் முழுவதும் நிற்கிறது.